கீ பூர்தான் படங்களில் நிறம், கான்ட்ராஸ்ட், லைட்டிங்: எதை அளந்து எழுதுவது?

விஸ்காம்வாசி:

வணக்கம். மூன்றாம் ஆண்டு விஸ்காம் ரெக்கார்டுக்காக ஒரு ஃபேஷன் போட்டோகிராஃபரின் நிறம், கான்ட்ராஸ்ட், லைட்டிங் மூன்றையும் அலசி எழுத வேண்டும். அதே வழியில் நான்கு படங்கள் எடுத்தும் சேர்க்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது கீ பூர்தான் (1928–1991). பிரெஞ்சு வோக் இதழில் 1955 முதல் வந்த படங்களும், ஷார்ல் ஜூர்தான் செருப்புக் கம்பெனிக்கு 1967 முதல் 1981 வரை அவர் செய்த விளம்பரங்களும் போதும் என்று எல்லை வைத்திருக்கிறேன்.

"துணிச்சலான நிறங்கள், டிராமாட்டிக் லைட்டிங்" என்று எழுதினால் எங்கள் சார் அந்த வரியையே அடித்துவிடுவார். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு லைட் எங்கே இருந்தது, எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியுமா? கான்ட்ராஸ்ட்டை எண்ணாகச் சொல்ல வழி உண்டா? அந்தச் சிவப்பும் பச்சையும் ஃபிலிமில் வந்ததா, லைட்ரூமில் எந்த ஸ்லைடரைத் தொட்டால் வரும்?

நான் எடுக்கப்போவது காஞ்சிபுரம் பட்டு. இடம் கல்லூரி ஸ்டுடியோ, இல்லையென்றால் பெசன்ட் நகரில் ஒரு மொட்டைமாடி. கையில் 200 வாட்-செகண்ட் ஃப்ளாஷ் இரண்டு, 18 செ.மீ. ரிஃப்ளெக்டர், 120 செ.மீ. ஆக்டா (எட்டு மூலை சாஃப்ட்பாக்ஸ்) இருக்கின்றன. மீட்டர் கல்லூரியில் கிடைக்கும்.

கட்டர் ஸ்டாண்ட்:

தம்பி, முதல்ல முகத்தை விடு, நிழலைப் பாரு. எல்லாரும் கண்ணுக்குள்ள இருக்கிற கேட்ச்லைட்டை, அதாவது லைட்டோட பளிச்சுப் பிரதிபலிப்பைத் தேடுவாங்க. பத்திரிகைப் படத்துல அதை ரீடச் பண்ணி எடுத்திருப்பான், இல்ல புதுசா வச்சிருப்பான். சுவத்துல விழுந்த நிழலை யாரும் அவ்வளவா தொட மாட்டாங்க.

நிழலோட ஓரம் எவ்வளவு மங்கலா இருக்குன்னு அளந்தா லைட் சைஸ் தெரிஞ்சிடும். கணக்கு இதுதான்: மங்கல் ஓரத்தின் அகலம் = லைட்டின் அகலம் × ஆளுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் ÷ லைட்டுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம். உன் 18 செ.மீ. ரிஃப்ளெக்டர் 3 மீட்டர்ல நிக்குது, மாடல் சுவத்துலருந்து அரை மீட்டர்னு வை. 18 × 0.5 ÷ 3, அதாவது 3 செ.மீ. மங்கல். அதே இடத்துல 120 செ.மீ. ஆக்டாவை ஒண்ணரை மீட்டர்ல வச்சா 40 செ.மீ. வரும். தலையோட அகலத்தை விட அது பெருசு, அப்ப நிழல்னு அடையாளம் சொல்ற மாதிரி ஒண்ணுமே விழாது. வெயிலுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். தூரத்தை 108-ஆல வகு. அரை மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் கூட வராது.

படத்துல அளவு தெரிய ஒரு பொருள் வேணும். தாடையிலருந்து உச்சி வரைக்கும் சுமாரா 22 செ.மீ.ன்னு வச்சுக்கலாம். செருப்புப் படமா இருந்தா ஹீல் உயரம். அது எத்தனை பிக்சல், நிழல் ஓரம் எத்தனை பிக்சல்னு பாரு, விகிதம் கிடைச்சிடும். ஆளுக்கும் சுவருக்கும் தூரம் எவ்வளவுன்னு ஊகிக்கத்தான் வேணும், அதனால பதிலை ஒரே எண்ணா எழுதாம "10-லருந்து 25 செ.மீ.க்குள்ள ஒரு சோர்ஸ்" மாதிரி எழுது. பூர்தானோட ஸ்டுடியோப் படங்கள்ல நிறைய இந்த வகைதான்: சின்ன சோர்ஸ், தள்ளி வச்சது, கத்தி ஓரம்.

லைட்டோட உயரம் இன்னும் சுலபம். மூக்கோ தோளோ, அதோட நிழல் சுவத்துல எவ்வளவு கீழே இறங்கியிருக்குன்னு பாரு. அரை மீட்டர் பின்னால இருக்கிற சுவத்துல அரை மீட்டர் இறங்கினா லைட் 45 டிகிரி மேலே. கால் மீட்டர்தான் இறங்கியிருந்தா 27 டிகிரி பக்கம். இறங்கவே இல்லாம உடம்பைச் சுத்தி மெல்லிசா கறுப்புக் கோடு மட்டும் தெரிஞ்சா ஃப்ளாஷ் லென்ஸ் பக்கத்துலயே இருந்திருக்கு.

தூரத்துக்கு பேக்கிரவுண்டோட இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் ஒப்பிடு. ஒரு கோடி லைட்டுக்கு 1 மீட்டர்லயும் மறு கோடி 2 மீட்டர்லயும் இருந்தா ரெண்டு ஸ்டாப் விழும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி). சுவர் முழுக்க ஒரே அளவா இருந்தா லைட் நல்லா தள்ளி இருக்கு. நிழல் எத்தனைன்னும் எண்ணு. தாடைக்குக் கீழே ரெண்டு நிழல் தெரிஞ்சா ரெண்டு லைட்.

கேட்ச்லைட்டே வேணும்னா ஜூர்தான் படங்கள்ல கண்ணை விட நல்ல கண்ணாடி செருப்புதான். பேட்டன்ட் லெதர் வளைவுல சாஃப்ட்பாக்ஸா, குடையா, ஜன்னலா, வெறும் புள்ளியான்னு அப்படியே தெரியும். நீ எடுக்கிற படத்துல மூக்குத்தியும் வளையலும் அந்த வேலையைச் செய்யும்.

எல்-ஏ-பி:

கட்டர் ஸ்டாண்ட் சொன்னது லைட்டுக்கு. கான்ட்ராஸ்ட்டுக்கு வருகிறேன்.

முதல் எச்சரிக்கை: ஜேபெக்கில் தெரியும் எண்கள் வெளிச்சத்தின் அளவுகள் அல்ல. 128 என்பது 255-இல் பாதி, ஆனால் வெளிச்சத்தில் அது 21.6 சதவீதம்தான். எஸ்.ஆர்.ஜி.பி. (திரைகளுக்கான பொது நிற முறை) படத்தில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் எண் இப்படி ஏறும்: 60, 85, 118, 162, 221. நடுவில் உள்ள 118-தான் 18 சதவீத சாம்பல். இந்த ஐந்தையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கன்னத்தின் வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிற எண்ணைக் காட்டும் கருவி) தொட்டுப் பாருங்கள். 162-க்கும் 85-க்கும் இரண்டு ஸ்டாப், அதாவது 4:1. ஐட்ராப்பரை ஒற்றைப் பிக்சலில் வைக்காதீர்கள். 11×11 சராசரியில் வையுங்கள். பளபளக்கும் புள்ளியையும் உதட்டுச்சாயத்தையும் தவிர்க்கவும்.

இரண்டாவது பொறி கறுப்பு-வெள்ளையாக மாற்றுவதில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 'டீசாச்சுரேட்' அழுத்தினால் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் மூன்றும் ஒரே 128 சாம்பலாகிவிடும். அந்தப் படத்தை வைத்துக் கான்ட்ராஸ்ட் பற்றி எழுதுவது வீண். படத்தை லேப் மோடுக்கு (வெளுப்பை எல் என்றும் நிறத்தை ஏ, பி என்றும் பிரிக்கும் முறை) மாற்றி எல் சேனலை மட்டும் பாருங்கள். அதில் சுமாராக முழு மஞ்சள் 97, பச்சை 88, சிவப்பு 53, நீலம் 32. நம் கண் உணரும் வெளுப்பும் கருமையும் இதற்குத்தான் நெருக்கம்.

இனி விஷயம். பூர்தானின் நிறப் படம் ஒன்றை எல் சேனலில் பார்த்தால் பல சமயம் ஒரு வியப்பு காத்திருக்கும். நிறத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் சிவப்பும் பச்சையும் சாம்பலில் கிட்டத்தட்ட ஒரே அளவாகக் கலந்துவிடும். அங்கே பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமே. இன்னொரு படத்தில் ஆளைப் பிரிப்பது நிழலின் கறுப்பு. ஆகவே "கான்ட்ராஸ்ட் அதிகம்" என்ற ஒரு வரியை இரண்டாக உடையுங்கள்: வெளுப்பு-கருமைக் கான்ட்ராஸ்ட் ஒன்று, நிறக் கான்ட்ராஸ்ட் ஒன்று. ஒவ்வொரு படத்திலும் கண் முதலில் போகும் இடத்தை எது தீர்மானிக்கிறது என்று எழுதினாலே உங்கள் சாரின் பேனா நிற்கும்.

நிறத்துக்கு: படத்தின் மேல் 10×10 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த நிறம் பெரும்பான்மையோ அதைக் குறியுங்கள். நூறு கட்டங்கள் என்பதால் எண்ணிக்கையே சதவீதம். இப்படிச் செய்தால், "எக்கச்சக்க நிறம்" என்று தோன்றும் படத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிறக் குடும்பங்கள்தான் இருக்கும், தோலும் கறுப்பும் போக. செறிவு அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் பக்கத்தில் வேறு நிறம் இல்லாததுதான். சாச்சுரேஷன் ஸ்லைடரைத் தேடிப் போக வேண்டாம்.

பழைய ஸ்லைடு:

மேலே இருவரும் சொன்ன அளவுகள் சரி. ஆனால் எதன் மேல் அளக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பூர்தான் பத்திரிகைப் பக்கத்துக்காக வேலை செய்தவர். இரட்டைப் பக்கத்தின் நடு மடிப்பைக்கூடக் கணக்கில் வைத்துக் காட்சியை அமைத்தவர். உயிரோடு இருந்தவரை தன் படங்களைப் புத்தகமாக்க அவர் இசையவில்லை. எனவே இன்று இணையத்தில் கிடைப்பவை பழைய இதழிலிருந்து யாரோ ஸ்கேன் செய்தவை, அல்லது அவர் மறைவுக்குப் பின் ஸ்லைடிலிருந்து (பாசிட்டிவ் ஃபிலிம்) புதிதாக எடுத்த பிரதிகள். ஒரே படத்தின் மூன்று பிரதிகளைத் திரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். சிவப்பு மூன்று விதமாக இருக்கும். ஸ்கேனர் ஆட்டோ லெவல்ஸ் போட்டிருந்தால் கறுப்பு கூடியிருக்கும், தாள் பழுத்திருந்தால் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருக்கும். மூன்று பிரதிகளிலும் மாறாமல் இருப்பது எதுவோ அதைப் பற்றி உறுதியாக எழுதலாம்: நிழலின் திசை, ஓரம், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது. செறிவு எண்ணும் கறுப்பின் ஆழமும் மாறும், அவற்றை ஒரு வரம்பாகக் கொடுத்தால் போதும்.

அச்சுச் சிவப்புக்கு ஒரு சொல். ஆஃப்செட்டில் மெஜந்தா 100, மஞ்சள் 100 அடித்தால் வரும் சிவப்பு, திரையில் சுமார் 237, 28, 36. திரையின் 255, 0, 0 அச்சில் வராது. அந்தச் சிவப்பைத் தேடி ஸ்லைடரை வலது கோடிக்கு இழுப்பவர்கள் பூர்தானை விட்டு விலகித்தான் போகிறார்கள்.

ஃபிலிமைப் பற்றி: அந்தக் காலத்துப் பத்திரிகை நிறப் படங்கள் பெரும்பாலும் ஸ்லைடில் எடுக்கப்பட்டன. கோடாக்ரோம் 25, 64, எக்டாக்ரோம் போன்றவை. வேகம் குறைவு, அதனால் எஃப்/11, எஃப்/16 வைத்து முன்னும் பின்னும் கூர்மையாக எடுக்க ஃப்ளாஷோ நல்ல வெயிலோ வேண்டும். கைக்கு அடங்கும் வெளிச்ச வீச்சு ஐந்து ஸ்டாப் அளவுதான். நெகட்டிவ் போலப் பிரிண்ட் போடும்போது சரிசெய்ய இடமில்லை. கால் ஸ்டாப், அரை ஸ்டாப் குறைவாக எடுத்தால் நிறம் அடர்த்தியாகும், நிழல் மூடிக்கொள்ளும். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சப் பகுதி வெளிறிப்போகும். கோடாக்ரோம் தயாரிப்பு 2009-இல் நின்றது, அதைக் கழுவிக் கொடுத்த கடைசி லேப் 2010 இறுதியில் நிறுத்தியது. ஆகவே அசலைச் செய்து பார்த்து ஒப்பிட இனி வழியில்லை.

இதில் உங்களுக்குப் பயன்படும் பகுதி இது: ஸ்லைடு காட்சியின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் காட்டும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும். திரையில் மூன்று ஸ்டாப் வித்தியாசம் தெரிந்தால் ஸ்டுடியோவில் மூன்று இருந்திருக்காது.

விஸ்காம்வாசி:

மூவருக்கும் நன்றி. பழைய ஸ்லைடு சார் சொன்னபடி மூன்று பிரதிகளை ஒப்பிட்டேன். ஒரு படத்தில் வெளிச்சக் கன்னம் சராசரி 200, நிழல் கன்னம் 60 வருகிறது. இது எத்தனை ஸ்டாப்? இதை ஸ்டுடியோவில் எந்த ரேஷியோவாக வைப்பது? சுவருக்குச் சிவப்பு ஜெல் (லைட் மேல் மாட்டும் நிறத் தாள்) போடலாமா, சிவப்புத் துணி கட்டலாமா? புடவை அரக்கு உடல், பச்சை பார்டர்.

எல்-ஏ-பி:

200 என்பது வெளிச்சத்தில் சுமார் 58 சதவீதம், 60 என்பது 4.5. வகுத்தால் 13 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, 3.7 ஸ்டாப். ஸ்லைடின் கான்ட்ராஸ்ட்டுக்காக 1.6-ஆல் வகுத்தால் 2.3 ஸ்டாப். சுமார் 5:1.

வைக்கும் முறை: கீ லைட்டை (முதன்மை லைட்) தனியாக மீட்டரில் எஃப்/11, ஃபில்லை (நிழலை நிரப்பும் லைட்) தனியாக எஃப்/5.6. இரண்டும் எரியும்போது வெளிச்சப் பக்கத்தில் 1 + ¼, நிழல் பக்கத்தில் ¼. அதுவே 5:1. நிறைய பேர் கீயையும் ஃபில்லையும் தனித்தனியாக ஒப்பிட்டு 4:1 என்று எழுதிவிடுவார்கள். முகத்தில் விழுவது கூட்டுத்தொகை. ரெக்கார்டில் எந்தக் கணக்கு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பிறகு டிஜிட்டலில் கர்வ் கொஞ்சம் செங்குத்தாக வைத்தால் 3.7-க்குப் பக்கத்தில் வரும். ஸ்டுடியோவிலேயே 3.7 ஸ்டாப் வைத்துவிட்டு அதன் மேல் கர்வும் போட்டால் நிழல் கன்னம் காணாமல் போகும்.

பட்டுநூல்:

ஜெல் வேண்டாம், தம்பி. துணியும் வேண்டாம். பெயின்ட்.

ஜெல் போட்ட லைட் சுவரோடு நிற்காது, புடவை மேலும் கை மேலும் வழியும். துணியில் சுருக்கம் நிழலாக விழும், கத்தி ஓர நிழலோடு அது சண்டை போடும். 8×4 பிளைவுட் இரண்டு, 64 சதுர அடி. கடையில் டின்டிங் மெஷினில் கலந்த மேட் எமல்ஷன் 1 லிட்டர் வாங்கினால் இரண்டு கோட்டுக்குத் தாராளம். ஷீன், சாட்டின் வகை வாங்கினால் ஃப்ளாஷ் நேரே திரும்பி வெள்ளைத் திட்டாக அடிக்கும். ஷேட் கார்டை மொபைல் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. புடவையையே கடைக்குக் கொண்டுபோய் வெளியே வெயிலில் வைத்துப் பார்.

சுவர் என்ன நிறம் என்பதுதான் பெரிய முடிவு, லைட்டிங் அதற்கு அப்புறம். பூர்தான் மாதிரி என்றதும் எல்லாரும் சிவப்புச் சுவருக்குப் போகிறார்கள். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடலும் பார்டரும் சேர்ந்து ஏற்கனவே ஒரு நிறக் கான்ட்ராஸ்ட் நெய்யப்பட்டிருக்கிறது. அதில் மூன்றாவதாக ஒரு நிறம் வைத்தால் கூட்டம் சேர்ந்துவிடும். உன் புடவை அரக்கு, பச்சை. சுவர் அதே பச்சைக் குடும்பத்தில், பார்டரை விட ஒரு படி வெளுப்பாக இருக்கட்டும். அப்போது பார்டர் சுவரோடு சேர்ந்துகொள்ளும், அரக்கு உடல் மட்டும் முன்னால் வரும். அரக்கும் பாட்டில் பச்சையும் எல் சேனலில் கிட்டத்தட்ட ஒரே கருமை. எல்-ஏ-பி சொன்ன "நிறம் மட்டுமே பிரிக்கும்" வகை உனக்கு இந்தப் புடவையிலேயே கிடைக்கிறது. நான்கு படத்தில் ஒன்றையாவது மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டரில் எடு. அதில் வெளுப்பும் கருமையும் பிரிக்கும். இரண்டையும் எல் சேனலோடு பக்கம் பக்கமாக ஒட்டினால் அலசல் தானாக வந்துவிடும்.

மயில்கழுத்துப் புடவை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதே. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், மடிப்புக்கு மடிப்பு மாறும். கட்டம் போட்டு எண்ணும்போது எந்தக் கணக்கில் சேர்ப்பாய்?

சிவப்பில் ஒரு பொறி. கேமரா காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (பிரகாச வரைபடம்) பத்திரமாக இருக்கும், சிவப்புச் சேனல் மட்டும் உடைந்திருக்கும். மொத்தப் பிரகாசத்தில் சிவப்பின் பங்கு 21 சதவீதம்தான், அதனால் கூட்டு வரைபடத்தில் தெரியாது. ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமை ஆன் செய். சிவப்பு அந்த வரைபடத்தின் வலது ஓரத்தில் மோதினால் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறை. உடைந்த சிவப்பில் பட்டின் நெசவு தெரியாது, பிளாஸ்டிக் ஷீட் மாதிரி தட்டையாகிவிடும்.

ஜரிகை உலோகம். எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். ஸ்டுடியோ சீலிங் கறுப்பாக இருந்தால் ஜரிகை சாக்லேட் நிறமாகப் போகும், அதைப் பார்த்துவிட்டு எக்ஸ்போஷரைக் கூட்டினால் பட்டு வெளிறும். மாடலின் பக்கவாட்டில், ஃபிரேமுக்கு வெளியே, ஒரு 4×2 அடி தெர்மாகோல் நிறுத்து. அதை மெல்லத் திருப்பிக்கொண்டே பார். ஒரு கோணத்தில் பார்டர் முழுக்கப் பொன்னாகும். அந்தக் கோணத்தில் ஸ்டாண்டைப் பூட்டு. சாதாரண போலரைசர் ஜரிகையை அடக்காது, பட்டின் பளபளப்பைத்தான் குறைக்கும். அதைக் குறைத்துவிட்டுப் பட்டு எடுப்பதில் என்ன இருக்கிறது?

தோலைப் பற்றி ஒன்று. நம் ஊர் மாநிறம், கறுப்பு முகங்களை 18 சதவீதத்துக்கு இழுத்து வைக்காதே, கேட்டலாக் ரீடச்சில் நடக்கும் வெளுப்பு வேலை அங்கேதான் தொடங்குகிறது. கறுத்த தோலில் பரவிய வெளிச்சம் குறைவு, அதனால் பளபளப்புக் கோடுதான் முகத்தின் வடிவத்தைக் காட்டும். கத்தி ஓர லைட்டில் பவுடர் போட்டு அதை அழித்துவிட்டால் முகம் தட்டையாகும். நெற்றி எண்ணெயை மட்டும் பிளாட்டிங் பேப்பரால் ஒற்றி, கன்ன எலும்பில் பளபளப்பை விட்டுவிடு. நிழல் பக்கத்தை அளக்கும்போது அந்தக் கோட்டை விலக்கி அள. நிறம் சரியா என்று பார்க்க வெக்டர்ஸ்கோப்பில் (நிறங்களை வட்டத்தில் காட்டும் வரைபடம்) ஸ்கின் டோன் கோடு இருக்கிறது. வெளுப்பு, கறுப்பு எந்தத் தோலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். பச்சைச் சுவரின் வீச்சு முகத்தில் ஏறியிருந்தால் அங்கே உடனே காட்டிக்கொடுக்கும்.

விஸ்காம்வாசி:

அக்கா, சுவர் வீச்சு முகத்தில் ஏறக்கூடாது என்றால் மாடலைத் தள்ளி நிறுத்த வேண்டும். தள்ளி நிறுத்தினால் கட்டர் ஸ்டாண்ட் அண்ணா சொன்ன நிழல் ஓரம் மங்கிவிடுமே? மாடியில் எடுத்தால் இந்தப் பிரச்சினை இருக்காதா?

கட்டர் ஸ்டாண்ட்:

நல்ல கேள்வி. ஒரு மீட்டர் தள்ளி நிறுத்து, லைட்டை 3-லருந்து 5 மீட்டருக்குக் கொண்டு போ. 18 × 1 ÷ 5, 3.6 செ.மீ. முன்ன வந்த 3 செ.மீ.க்குப் பெரிய வித்தியாசம் இல்ல. 3-லருந்து 5 போனா ஒண்ணரை ஸ்டாப் விழும், பவரைக் கூட்டிக்க. பின்னாடி சுவரோட வீச்சு தோள், கை ஓரத்துலதான் விழும், அது அழகாத்தான் இருக்கும். முகத்தைக் கெடுக்கிறது தரை. தரையையும் பச்சையா போட்டா தாடைக்குக் கீழே பச்சை ஏறும். ஃபிரேமுக்கு வெளியே இருக்கிற தரையில கறுப்புத் துணி விரி.

ஃபில்லுக்கு ஆக்டாவை கேமராவுக்குப் பின்னால, லென்ஸுக்குக் கொஞ்சம் மேலே வை, நீ அதுக்கு முன்னாடி நின்னு எடு. பக்கத்துல வச்சா இன்னொரு நிழல் விழுந்து, பார்க்கிறவன் ரெண்டு லைட்னு எண்ணிடுவான்.

மாடிக்குப் போறதா இருந்தா மணியைப் பாரு. சென்னையில ஏப்ரல் கடைசி வாரத்துலயும் ஆகஸ்ட் மூணாவது வாரத்துலயும் உச்சி வெயில் தலைக்கு நேரா நிக்கும், சுவத்துல நிழலே விழாது, கண்குழி ரெண்டும் கறுப்பாகிடும். மார்ச், செப்டம்பர்ல 45 டிகிரி வெயில் வேணும்னா காலையில ஒன்பதே கால் பக்கம், இல்ல பிற்பகல் மூணு மணி பக்கம். டிசம்பர்ல உச்சியிலயே 53, 54 டிகிரிதான், நடுப்பகல்லயும் எடுக்கலாம். கடல் கிழக்கே இருக்கு. காலையில கடலைப் பின்னால வச்சா மாடல் பேக் லைட்ல நிப்பா. பிற்பகல்ல அதே கடல் பின்னால இருக்க, வெயில் நேரா முகத்துல விழும். உனக்கு வேண்டியது பிற்பகல்.

நல்ல வெயில்ல ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/16, 1/100. உன் கேமரா ஃப்ளாஷ் சிங்க் (ஃப்ளாஷோட வேலை செய்ற அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200-ன்னா அதே எஃப்/16-ல வானம் ஒரு ஸ்டாப் இறங்கும். அப்ப முகத்துக்கு ஃப்ளாஷ் எஃப்/16 தரணும்: 200 வாட்-செகண்ட், வெறும் ரிஃப்ளெக்டர், 2 மீட்டர்ல கிடைக்கும். ஆக்டா மாட்டினா கிடைக்காது, காத்து வேற தூக்கிட்டுப் போயிடும். ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை கட்டாம மாடியில லைட் வைக்காதே. ஏசி ரூம்லருந்து கேமராவை நேரா எடுத்துட்டுப் போனா கடல் ஈரத்துல லென்ஸ் பனிச்சுப் போகும். பையை மூடினபடி அரை மணி வெளியே வச்சிட்டுத் திற.

பட்டுநூல்:

மாடி வேண்டாம் என்பது என் கருத்து. வானம் முழுக்க நீல ஃபில். நிழல் பக்கத்தில் அரக்கு கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயும், ரேஷியோவும் உன் கையில் இருக்காது. நான்கில் ஒன்று மாடியில், ஒப்பீட்டுக்காக மட்டும். ஸ்டுடியோவில் ஃபில்லுக்கு எல்.இ.டி. கொடுத்தால் ஆர்9 மதிப்பு என்ன என்று கேள். அது ஆழ்ந்த சிவப்புக்கான அளவு; குறைவாக இருந்தால் மொத்த சி.ஆர்.ஐ. (நிறங்களைச் சரியாகக் காட்டும் மதிப்பெண்) 90-க்கு மேல் எழுதியிருந்தாலும் அரக்கு மண் நிறமாகிவிடும்.

எல்-ஏ-பி:

ரெக்கார்டுக்கு இன்னொரு யோசனை. பூர்தானை மட்டும் அளந்தால் எண்கள் அந்தரத்தில் நிற்கும். எதிர்முனையிலிருந்து ஒருவரை ஒரு பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பாவ்லோ ரொவெர்சி. 1947-இல் ரவென்னாவில் பிறந்து, 1973 முதல் பாரிஸில் வேலை செய்பவர். 8×10 அங்குல போலராய்டு, ஜன்னல் வெளிச்சம், நீண்ட எக்ஸ்போஷரில் டார்ச்சை நகர்த்தி உடலின் மேல் வெளிச்சம் தீட்டுவது ஆகியவை அவர் முறைகள். டார்ச் நகர்ந்துகொண்டே இருப்பதால், போன வழி முழுவதும் ஒரு பெரிய சோர்ஸாகிவிடும். கட்டர் ஸ்டாண்ட் தந்த கணக்கில் லைட்டின் அகலத்துக்கு டார்ச்சின் விட்டத்தைப் போட்டால் தவறும், அது கடந்த தூரத்தைப் போட வேண்டும். ஓரங்கள் கரைவதற்கு மாடலின் மெல்லிய அசைவும் ஒரு காரணம். அதே கட்டம், அதே எல் சேனல், அதே கன்ன அளவு மூன்றையும் இருவருக்கும் செய்து ஒரே அட்டவணையில் போடுங்கள்.

பழைய ஸ்லைடு:

அச்சிடும்போது கலர் ஜெராக்ஸ் வேண்டாம். டோனர் பளபளப்பில் கறுப்பும் அரக்கும் ஒன்றாகிவிடும். போட்டோ லேபில் மேட் தாளில், எஸ்.ஆர்.ஜி.பி. கோப்பாக, "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் லேபில் தோலை வெளுத்து, சிவப்பைக் கூட்டித்தான் தருவார்கள். முதலில் ஒரு தாளில் 60, 85, 118, 162, 221 சாம்பல் கட்டங்களையும் அரக்கு, பச்சை மாதிரிகளையும் வைத்து ஒரு டெஸ்ட் பிரிண்ட் போடுங்கள். 60-க்கும் 85-க்கும் இடையே கோடு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் நிழலை உயர்த்திய பிறகு மற்றதை அனுப்புங்கள். அந்த டெஸ்ட் தாளையும் ரெக்கார்டின் கடைசியில் ஒட்டிவிடுங்கள். உங்கள் எண்களைச் சரிபார்க்க நினைக்கும் ஆசிரியர் முதலில் அதைத்தான் கேட்பார்.